முகர்ந்தும் சுவைத்தும்

மதுவிலக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் என் வீடு தேடி வந்தார். முதன்முதலாகத் தான் எழுதிய மகஜரை நீட்டி, "தப்பு இருந்தா சொல்லுங்க சார்" என்றார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. நான்காவது வரிக்கு வந்தேன். "கலங்கிய நிறமும், மூக்கைத் துளைக்கும் துர்நாற்றமும், தொண்டையைச் சுடும் காரமும் உடைய போதைத் திரவம் என முகர்ந்தும் சுவைத்தும் அறிந்தேன்." "சுவைத்தீரா?" என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் கத்திவிட்டேன். வந்த பிள்ளைக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் விரட்டிவிட்டீர்களே என்று என் மனைவி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் தம்பி என்னை மன்னிக்க வேண்டும். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அந்த வாக்கியத்தின் மேல்தான். அதை முதலில் எழுதிய புண்ணியவான் யார் என்று எனக்குத் தெரியாது. ஏட்டுகள் வாய்வழியாகவே ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பரவி, நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது எங்களுக்கு மனப்பாடமாக இருந்தது. சாராயம் பிடித்தாலும் அதே வாக்கியம், கள் பிடித்தாலும் அதே வாக்கியம். மகஜர் என்பது, பிடித்த இடத்திலேயே ஊர்க்காரர் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, பிடித்தது இன்னது என்று எழுதும் காகிதம். கோர்ட்டில் நம் உயிர் அந்தக் காகிதத்தில்தான் தொங்கும். அதில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருந்தோம்.

மதுவிலக்கு கடுமையாக அமலில் இருந்த காலம். நான் திண்டுக்கல்லில் சப் இன்ஸ்பெக்டர். தகுதிகாண் பருவம் முடிய இரண்டு மாதம் பாக்கி. எனக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். காபி குடித்தாலே நெஞ்சு படபடக்கும் ஆள். சாராயத்தின் ருசி எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதுவரை நான் எழுதிய மகஜர்களைப் படித்தால், திண்டுக்கல் தாலுகாவிலேயே பெரிய குடிகாரன் நான்தான் என்று தோன்றும்.

எனக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர், "இவர் எழுதிய மகஜர் நம்பத்தக்கதல்ல" என்று ஒரு மாஜிஸ்ட்ரேட் தீர்ப்பில் எழுதிய ஒற்றை வரியால் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவருடைய குடை இன்னும் ஸ்டேஷன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவோ, நான் வேலைக்குக் கிளம்பிய அன்றே, "போயிட்டு வா. ஆவலீன்னா வந்துரு, முருங்கைக் காட்டுல மம்பட்டி அங்கியேதான் இருக்கும்" என்று சொல்லியிருந்தார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது சாபமாகவே கேட்டது.

அப்போதுதான் அகரத்திலிருந்து ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. "ரேஷன் கோதுமையை ஒருவர் முளைகட்டி, மொட்டை மாடியில் காயப்போட்டு, வறுத்து, என்னமோ செய்கிறார். அங்கே போய்வருகிறவர்கள் சாயங்காலம் காரணமில்லாமல் நல்லவர்களாக இருக்கிறார்கள்." இவ்வளவுதான் புகார்.

அந்த நாளில் ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள். நம் பக்கத்து ஜனங்களுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. சோறாக வடித்துப் பார்த்துவிட்டு ஆட்டுக்குப் போட்டார்கள். அப்படிப்பட்ட கோதுமையை ஒருவர் விரும்பி வாங்கி மாடியில் காயப்போடுகிறார் என்றால் அது எங்கள் ஏட்டுக்கே சந்தேகமாக இருந்தது. "நம்ம ஊர்ல கோதும மேல இம்புட்டுப் பிரியம் வச்சவன் நல்லவனா இருக்க முடியாது சார். கெளம்புங்க" என்றார்.

தாடிக்கொம்பு ரோட்டில், தென்னந்தோப்பு ஓரமாக ஓட்டுக் கட்டடம். வாசலில் "கோதுமைச் சத்துப் பானம்" என்று பலகை. முன்பக்கம் இரண்டு பெஞ்சு, பின்பக்கம் அடுப்பும் பானைகளும். காய்ச்சுவதும் ஊற்றுவதும் ஒரே கூரையின் கீழ். நாங்கள் போனபோது பிற்பகல் மூன்று மணி. நிலக்கோட்டைக்குப் பூ ஏற்றிவிட்டுத் திரும்பிய இரண்டு சம்சாரிகளும், சின்னாளபட்டியிலிருந்து வந்திருந்த ஒரு நெசவாளரும் பித்தளை டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். நெசவாளர் தன் மாமியாரைப் பற்றி உயர்வாகப் பேசிக்கொண்டிருந்தார். புகாரில் உண்மை இருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கடைக்காரர் பெயர் வேலுச்சாமி. பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர். ஐம்பது வயதிருக்கும், நிமிர்ந்த முதுகு, மீசையை அளவெடுத்து வெட்டியிருந்தார். காக்கிச் சட்டைகளைக் கண்டதும் பெஞ்சில் இருந்தவர்கள் தோப்புக்குள் காணாமல் போனார்கள். இவர் நகரவில்லை. "உக்காருங்க சார்" என்று தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார்.

"என்னங்க இது?" என்றேன். குற்றவாளியிடம் 'ங்க' போடுகிறான் பார் என்று ஏட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் பக்கத்துப் பழக்கம், வாயிலிருந்து போக மாட்டேனென்றது.

"சத்துப் பானம் சார். சண்டை நடக்குறப்ப வடக்க ஒரு கைதி முகாம்ல எனக்குச் சமையல் வேலை. அங்க அடைபட்டுக் கெடந்த ஒரு ஜெர்மன்காரன் கத்துக் குடுத்தான். அவன் வெறும் கோதுமையும் பார்லியும்தான் போடுவான். நான் நம்ம கைக்குக் கொத்தமல்லி, கமலா ஆரஞ்சுத் தோலு, ஏலக்கா, துளி சுக்குப் போடுவேன்."

"போதை வருமா?"

"மனசு லேசாகும்" என்றார். பிறகு ஈரச் சாக்கு சுற்றி வைத்திருந்த பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு என் முன்னால் வைத்தார். மேலே வெள்ளையாக நுரை நின்றது. "ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. அப்புறம் என்ன வேணாலும் எழுதிக்கங்க."

தம்பிகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். என் வேலையே அதுதான். முகர்ந்து, சுவைத்து, எழுத வேண்டியவன் நான். கண் முன்னால் டம்ளர் இருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "லஞ்சமா குடுக்கிறீங்க?" என்று கேட்டு டம்ளரைத் தள்ளிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. லஞ்சம் என்று சொன்னதற்காக இல்லை. தள்ளிய வேகத்தில் நுரை சிந்திவிட்டதே என்று.

சாட்சிக்கு அழைத்து வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் குனிந்து முகர்ந்தார். "சிறுமலைப் பழ வாசமில்ல அடிக்குது" என்றார். நானும் முகர்ந்தேன். ஆமாம், நன்றாகக் கனிந்த வாழைப்பழ வாசனை. ஊறல் போடும் சாராயத்தில் பழம் போடுவார்கள் என்று பயிற்சியில் படித்திருந்தேன். உடனே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பழம் எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று ஒரு மணி நேரம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். பரணில் ஏறினோம், உலக்கையைக்கூடத் தட்டிப் பார்த்தோம். ஒரு வாழைத்தோல் அகப்படவில்லை. "பழமே போடலை சார். புளிக்கிறப்ப அந்த வாசம் தானா வரும். அதுதான் இதோட அழகே" என்று வேலுச்சாமி பின்னாலேயே வந்து விளக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஏட்டு, சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஒற்றைப் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் திரும்ப வைக்கச் சொன்னேன்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மகஜர் எழுதினேன். கை தானாக ஓடியது. கலங்கிய நிறம், துர்நாற்றம், தொண்டையைச் சுடும் காரம், முகர்ந்தும் சுவைத்தும். பழ வாசம் என்று சொன்ன அதே பெரியவர், கண்ணாடி இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வழக்கப்படி மூன்று பாட்டிலில் மாதிரி எடுத்தோம். ஒன்று சென்னையில் ரசாயனப் பரிசோதனைக்கு, ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று கோர்ட்டுக்கு. கொண்டுபோன ஆஸ்பத்திரி பாட்டில் இரண்டுதான் இருந்தது. மூன்றாவதற்கு வேலுச்சாமியிடமே கேட்டேன். வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போன கனமான பச்சை பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். கார்க்கை இறுக்கி, நூல் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர், "சார், இது இன்னும் உசிரோட இருக்கு. இப்படி மூச்சை அடைக்காதீங்க, காத்துப் போக வழி விடுங்க" என்றார். பிடிபட்டவன் தடயத்தைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்து, இன்னும் ஒரு சுற்று அரக்கு ஊற்றினேன். மிச்சத்தை விதிப்படி மண்ணில் கொட்டினோம். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பத்து நாள் கழித்து சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "தாங்கள் அனுப்பிய பார்சலில் நனைந்த வைக்கோலும் கண்ணாடித் துண்டுகளும் பெறப்பட்டன. இவற்றில் எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்." ரயில்வேக்காரர்கள் போட்டு உடைத்துவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அடுத்த வாரம், நடுப்பகல். சித்திரை வெயில். தகர அலமாரிக்குள் டமார் என்று ஒரு சத்தம். ஏட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டார். தெருவில் பூட்டுப் பட்டறைக்காரர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஸ்டேஷனில் யாரைச் சுட்டீர்கள் என்று கேட்டார்கள். அலமாரியின் அடியிலிருந்து நுரை மெதுவாக வெளியே நடந்து வந்தது. ஸ்டேஷன் முழுக்க வாழைப்பழமும் கிராம்பும் கலந்த ஒரு கல்யாண வீட்டு வாசனை.

தடயம் வெடித்துவிட்டது என்று இன்ஸ்பெக்டருக்கு எழுதினேன். அவர் ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் துறையில் பிடித்த சரக்கு காணாமல் போனால் அதற்கு உலகம் ஒப்புக்கொண்ட காரணம் ஒன்றுதான். ஸ்டேஷனில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "ஊது" என்றார். நானும் ஊதினேன். பிறந்ததிலிருந்து மோருக்கு மேல் எதையும் தொடாத வாயை ஒருவர் மூக்குக்கு நேராக ஊதிக் காட்டுவது எவ்வளவு கேவலம் என்று அனுபவித்தால்தான் தெரியும். ஏட்டு ஊதியபோது மட்டும் இன்ஸ்பெக்டர் சற்று யோசித்தார். "அது வெத்தல பாக்கு சார்" என்றார் ஏட்டு.

"வெடிச்சுது, வெடிச்சுதுன்னா கோர்ட்டுல எவன்யா நம்புவான்? இன்னும் ஒரு பாட்டில் இருக்கில்ல? அது கோர்ட்டுக்கு முழுசாப் போகலைன்னா, உம்ம ரிப்போர்ட்ல நான் என்ன எழுதுவேன்னு உமக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஆணியில் தொங்கிய குடையை ஒருமுறை பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு யாரும் பட வேண்டாம். அரக்கு முத்திரையை உடைத்துக் காற்றை விட்டால், தடயத்தைத் திறந்த குற்றம். விடாவிட்டால் வெடிக்கும். பச்சை பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றி, அலமாரியில் பழைய பைல்களுக்கு நடுவில் படுக்க வைத்தேன். ஈரம் போதாமல் அலமாரி தகித்தது. ஏட்டு தினமும் காலையில் அதற்கு விபூதி பூசினார். நான் ரிப்போர்ட் எழுதும்போதெல்லாம் ஒரு காது அலமாரிப் பக்கமே இருக்கும். டீக்கடையில் யாராவது, "என்ன சார், கடைசி பாட்டிலாவது மிஞ்சுமா?" என்று கேட்டால் எனக்குக் கண் கலங்கிவிடும். இப்படியாக நாற்பது நாள்.

விசாரணை நாள் வந்தது. நானும் ஏட்டும் பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து, குதிரை வண்டியில் கோர்ட்டுக்குப் போனோம். வழக்கை நடத்தியது எங்கள் இன்ஸ்பெக்டர். மாஜிஸ்ட்ரேட் சோடாகூடக் குடிக்காத ஆசாரக்காரர். வேலுச்சாமிக்காக ஆஜரான வக்கீல், கோட்டில் ஒரே ஒரு பொத்தான் மிஞ்சியிருந்தவர். ஆனால் ஆள் கெட்டிக்காரர்.

முதலில் உள்ளூர்ப் பெரியவரைக் கூண்டில் ஏற்றி என்ன வாசனை அடித்தது என்று கேட்டார். "பழ வாசம் அடிச்சுச்சுங்க. நல்ல வாசம்" என்றார் அவர். அடுத்து நான் ஏறினேன். வக்கீல் மகஜரின் நான்காவது வரியை ராகம் போட்டு வாசித்தார்.

"துர்நாற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாங்க."

"தொண்டையைச் சுடும் காரம்."

"ஆமாங்க."

"சுவைத்துப் பார்த்துத்தான் எழுதினீர்கள்?"

"அதுல எழுதியிருக்கிறபடிதாங்க" என்றேன்.

வக்கீல் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்துத் திரும்பினார். "பாட்டில் இங்கேயே இருக்கிறது. திறந்து சாட்சியே சுவைத்துச் சொல்லட்டும்."

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, அது மது. பர்மிட் இல்லாமல் மது குடிப்பது குற்றம். கோர்ட்டே ஒரு அதிகாரியைக் குற்றம் செய்யச் சொல்ல முடியாது."

"அது மதுவா இல்லையா என்பதுதானே வழக்கு?" என்றார் வக்கீல். "மது இல்லையென்றால் குடிப்பதில் குற்றமில்லை. மதுவென்றால் சாட்சி குற்றவாளி. எப்படியானாலும் குடித்தால்தானே தெரியும்?"

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில், "ஒரு வாய் மட்டும். விழுங்கக் கூடாது, துப்பிவிட வேண்டும்" என்று உத்தரவு போட்டார். கோர்ட்டுச் சேவகரான டவாலி துப்புவதற்கு ஒரு மண்சட்டியைத் தேடிக்கொண்டு வந்தார்.

முத்திரையை உடைத்தேன். நூலை அறுத்ததுதான் தெரியும். கார்க் மேலே பாய்ந்து மின்விசிறியில் பட்டு வக்கீலின் மடியில் விழுந்தது. நுரை என் கையிலும் சட்டையிலும் வழக்குக் கட்டின் மேலும் பொங்கி வழிந்தது. டவாலி "அம்மாடி" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார். பொங்கி அடங்கியபோது பாட்டிலில் கால்வாசிதான் மிஞ்சியது. இந்தத் தடவை பழ வாசம் இல்லை. ஈரக் கோணியைப் பெட்டியில் பூட்டி வைத்த வாசம்.

டம்ளரில் ஊற்றி ஒரு வாய் எடுத்தேன்.

என்னவென்று சொல்வேன். அப்படி ஒரு புளிப்பு. அதன் பின்னால் ஒரு கசப்பு, கசப்புக்குப் பின்னால் சுக்கு. தொண்டை சுடவில்லை, பல்தான் கூசியது. மண்சட்டியில் துப்பினேன். நிமிர்ந்தால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பிகளே, அந்த நொடியில் எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது. "சுடுகிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு யாரும் அதைக் குடித்துப் பார்க்கப் போவதில்லை. என் மகஜர் நிற்கும், வேலை நிற்கும். இன்ஸ்பெக்டர் கண்ணாலேயே சொல்லு, சொல்லு என்கிறார். நான் உத்தமன் என்பதால் உண்மையைச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மூஞ்சி ஏற்கெனவே கோணிப் போயிருந்தது. அதை வைத்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

"சுடலீங்க ஐயா" என்றேன். "கெட்டுப்போன கசாயமாட்டம் இருக்குதுங்க."

"அப்படியென்றால் மகஜரில் எழுதியது?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"அன்னைக்கு நான் ருசி பாக்கலீங்க ஐயா. எப்பவும் எழுதறதை எழுதிப்போட்டனுங்க."

இன்ஸ்பெக்டர் மெதுவாக உட்கார்ந்தார். வக்கீல் எழுந்து, கெட்டுப்போன கசாயத்துக்கெல்லாம் மதுவிலக்குச் சட்டத்தில் இடமில்லை, என் கட்சிக்காரரை விடுதலை செய்ய வேண்டும் என்றார். மாஜிஸ்ட்ரேட் பேனாவை மையில் தோய்த்தார். அவர் என்ன எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரியும். என் கண் முன்னால் முருங்கைக் காடும் மம்பட்டியும் தெரிந்தன.

"அய்யா" என்று கூண்டிலிருந்து ஒரு குரல். வேலுச்சாமி.

"உட்கார், உட்கார்" என்று வக்கீல் கையைக் காட்டினார். கூண்டில் உட்கார ஏது இடம்.

"அய்யா, கெட்டுப்போன கசாயம்னு எழுதிராதீங்க. அந்தச் சாருக்கு நாக்குல குத்தமில்ல. பாட்டில்ல இருக்குறது கெட்டுத்தான் போச்சு. ஆனா நான் ஊத்துறப்ப அது கசாயமில்ல. பீரு. நெசமான கோதுமை பீரு."

வக்கீல் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வேலுச்சாமி, விடுதலை ஆகப்போற. வாய மூடு."

"நீங்க செத்த சும்மா இருங்க சார்" என்றார் வேலுச்சாமி. "ஒம்பது வருசமாக் காய்ச்சுறேன். பட்டாளத்துல ஆபீசர்மாரு வரிசையில நின்னு வாங்கிக் குடிச்சிருக்காங்க. கத்துக்குடுத்த ஜெர்மன்காரன் என் கையப் பிடிச்சுக்கிட்டு, என்னயவிட நீ நல்லாக் காய்ச்சுறன்னு அழுதான். கசாயம்னு கோர்ட்டே எழுதிட்டா நாளைக்கு அகரத்துல எவன் மூஞ்சியில முழிப்பேன்?"

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். "இதைச் சொன்னால் தண்டனை என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்கய்யா."

"போதை தரும் பானம் என்று ஒப்புக்கொள்கிறாயா?"

"நல்லாக் காய்ச்சுனாத் தராம இருக்குமாங்க?" என்றார்.

மூன்று மாதம். எதிரி வேலுச்சாமி தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டபடியால் மகஜரிலுள்ள குறைகளுக்குள் இந்த நீதிமன்றம் போக வேண்டியதில்லை என்று மாஜிஸ்ட்ரேட் எழுதினார். என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெளியே வந்ததும் இன்ஸ்பெக்டர் என் முதுகில் தட்டி, "பெரிய தந்திரக்காரர்யா நீர். அவன் ரோஷத்தைக் கிளப்பி ஒப்புக்கொள்ள வச்சிட்டீரே" என்றார். நான் சல்யூட் அடித்தேன். அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது. அதற்கான ரிப்போர்ட்டில் "குறுக்கு விசாரணையில் அபாரமான சாதுரியம்" என்று எழுதியிருந்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அதை இன்றுவரை நான் யாரிடமும் காட்டியதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது, எதையும் ருசி பார்க்காமல் ருசியை எழுதாதீர்கள் என்பதுதான். பார்க்க முடியவில்லையா, பார்க்கவில்லை என்று எழுதுங்கள். காகிதம் ஒன்றும் சொல்லாது. ஆனால் அன்று கோர்ட் தாழ்வாரத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஜெயிலுக்குப் போகும் பஸ்ஸுக்காக வேலுச்சாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிப்பை, கூட ஒரு கான்ஸ்டபிள். நான் போய் எதிரில் நின்றேன். அவர்தான் கேட்டார்.

"ஏஞ்சார், நெசமாவே அம்புட்டு மோசமாவா இருந்துச்சு?"

"இல்லீங்க" என்றேன். "நல்லாத்தானுங்க இருந்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். "பொய் சொல்லாதீங்க சார், உங்களுக்கு வரல. மூச்ச அடைச்சு நாப்பது நாளு தகரத்துல வேகப்போட்டா எது நல்லாருக்கும்? நீங்க கோர்ட்ல சொன்னது சரிதான். ஆனா ஒண்ணு. அது நான் காய்ச்சுனது இல்ல. நான் காய்ச்சுனத அன்னைக்கு மண்ணுல ஊத்திட்டீங்க. இன்னைக்கு நீங்க குடிச்சது நீங்க காய்ச்சுனது. அதுக்குத்தான் நான் மூணு மாசம் போறேன்."

குரலில் கோபமே இல்லை. பஸ் வந்துவிட்டது என்று கான்ஸ்டபிள் கூப்பிட்டார். அவர் எழுந்து முன்னால் நடந்தார். துணிப்பையை நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.